ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்: தொழிலுக்கு எடுக்கும் அளவுக்குப் பக்குவப்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி
ஆர்டர், பில்லிங் இரண்டையும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு மாற்றலாமா என்று பார்க்கிறோம். கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) ஸ்டார், அதாவது விருப்பக் குறி, ஏராளம், டெமோவும் நன்றாக ஓடுகிறது. ஆனால் பதிப்பு இன்னும் 0.9. ஐந்து வருடமாவது தாங்க வேண்டும். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1
ஸ்டாரை விட்டுவிடுங்கள். ஆர்வப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றுதான் அது சொல்லும். தினமும் வேலைக்குப் பயன்படுத்துபவர்களைச் சொல்லாது.

கடந்த 12 மாதங்களுக்கு மட்டும் கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) ஷார்ட்லாக் எடுத்து, பாட் (தானியங்கி) கணக்குகளைக் கழித்துப் பாருங்கள். யார் எத்தனை கமிட், அதாவது நிரல் மாற்றம், செய்தார் என்று அது காட்டும். பெரும்பகுதி கமிட் ஒரே ஆளுடையது என்றால் அவர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அடுத்து பாதுகாப்புக் குறைகள். சிவிஇ (பொதுவில் பதிவான பாதுகாப்புக் குறை) ஒன்றுகூட இல்லாதது நல்ல அறிகுறி அல்ல. பெரும்பாலும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை என்றே பொருள். குறை தெரிந்ததிலிருந்து திருத்தம் வர எத்தனை நாள் ஆனது, பழைய பதிப்புக்கும் அந்தத் திருத்தம் போனதா என்பதுதான் முக்கியம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அப்படி ஒரு தேதி இங்கே இருக்கிறதா?

செம்வர் (பதிப்பு எண் இடும் முறை) விதிப்படி 0-வில் தொடங்கும் பதிப்பில் எப்போது வேண்டுமானாலும் எதுவும் மாறலாம். அதற்காக உடனே ஒதுக்க வேண்டாம். முந்தைய வெளியீடுகளில் ஏதாவது உடைந்தபோது மாற்று வழி எழுதிக் கொடுத்தார்களா என்று சேஞ்ச்லாகில் (மாற்றப் பட்டியலில்) பாருங்கள்.

பதில் 2
உரிமத்தையும் பாருங்கள். டெராஃபார்ம் (சர்வர் வசதிகளை அமைக்கும் கருவி) 2023 ஆகஸ்டிலும் ரெடிஸ் (தரவுத்தளம்) 2024 மார்ச்சிலும் உரிமத்தைக் கட்டுப்பாடு கூடியதாக மாற்றின. ஓப்பன்டோஃபு, வால்கீ என்று கிளைகள் (பழைய நிரலை எடுத்துப் பிறர் தொடர்ந்தவை) உடனே வந்ததற்குக் காரணம், இரண்டுக்கும் பின்னால் பெரிய பயனர் கூட்டம் இருந்தது. சிறிய மென்பொருளுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். பழைய பதிப்பு பழைய உரிமத்திலேயே உங்களிடம் இருக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும்.

பங்களிப்பாளர்களிடம் சிஎல்ஏ (பங்களிப்பு உரிம ஒப்பந்தம்) கையெழுத்து வாங்குகிறார்களா, உரிமை ஒரே நிறுவனத்திடம் சேர்கிறதா என்று படியுங்கள். பிஎஸ்டி மாதிரித் தளர்வான உரிமம் என்றால் சிஎல்ஏ இல்லாமலே அடுத்த பதிப்பை மூடிவிட முடியும். ஏஜிபிஎல் உரிமம் என்றால், நீங்கள் திருத்தி இணையம் வழியே வெளியாருக்குத் தரும்போது அந்தத் திருத்தத்தின் மூலநிரலையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கேட்டவர்
நன்றி. அப்படியானால் பழைய, பரவலாகப் புழங்கும் மென்பொருளை எடுத்தால் போதுமா?

பதில் 3
போதாது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் (கோப்புகளைச் சுருக்கும் கருவி) பழையது, பெரும்பாலான லினக்ஸில் இருப்பது. 2024-இல் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வந்தது, அதுவும் பராமரிப்பாளராக உள்ளே வந்த ஒருவர் மூலம். அதை இயக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் (நிரலை ஓடும் மென்பொருளாக்கும் கட்டளைகள்) வெளியீட்டு டார் கோப்பில் (பதிவிறக்கத் தரும் தொகுப்பில்) மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. முடிந்தவரை கிட் டேகிலிருந்தே (கிட்டில் அந்த வெளியீட்டைக் குறித்த இடம்) பில்ட் செய்யுங்கள். சார்பு நூலகங்களையும் (அது நம்பியிருக்கும் பிறர் நிரல்கள்) பட்டியலெடுத்து, தெரிந்த பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஓஎஸ்வி ஸ்கேனரில் ஓட்டுங்கள்.

டெமோவை நம்பாமல் இதையும் செய்யுங்கள்: இரண்டு வெளியீடு பழைய பதிப்பை நிறுவி, உங்கள் உண்மையான அளவுக்குத் தரவை ஏற்றி, இன்றைய பதிப்புக்கு அப்கிரேட் செய்யுங்கள். நூறு வரியில் நொடியில் முடியும் மைக்ரேஷன் (தரவு அமைப்பை மாற்றும் படி), கோடி வரி உள்ள அட்டவணையை முழுதாகத் திருப்பி எழுதக்கூடும். அப்படியானால் அதுவரை அட்டவணை பூட்டியே கிடக்கலாம், பில் போட முடியாது. பிறகு பேக்கப்பை வெறும் இயந்திரத்தில் மீட்டு, மொத்தத் தொகைகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

கடைசியாக, எல்லாத் தரவையும் சிஎஸ்வியாக வெளியே எடுத்துப் பாருங்கள். இணைப்புக் கோப்புகளும் மாற்ற வரலாறும் அதில் வரவில்லை என்றால், மென்பொருளை எடுப்பதற்கு முன்பே அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிடுங்கள்.