அப்பா வைத்திருந்த தங்க முலாம் ரேசர்: கடையில் வாங்குவதா, ஆன்லைனிலா?

பசுண்டாங்வாசி, ரங்கூன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 61. கேட்கப் போறது சின்ன விஷயம்தான், ஆனா மூணு மாசமா மனசைப் போட்டு அரிக்குது.

எங்க பெரியப்பா 1964-ல பர்மாவுல இருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினவர். கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட நேரம். ஊருக்குப் போறவங்க கையில நகைநட்டு இருந்தா துறைமுகத்துச் சோதனையில போயிடும்னு எல்லாருக்கும் பயம். அவர்கிட்ட தங்க நிறத்துல ஒரு சேஃப்டி ரேசர் இருந்துச்சு. அது வெறும் முலாம்தான். ஆனாலும் சோதனைக்காரன்கிட்ட நின்னு விளக்கம் சொல்ல அவருக்குத் தெம்பு இல்ல. எங்க அப்பா கையில திணிச்சு, "நீயே வச்சுக்கடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்.

அப்பா சாகிற வரைக்கும் அதுலதான் சவரம் பண்ணினார். குழாயடியில ஆணியில ஒரு கண்ணாடி, எனாமல் குவளையில வெந்நீர். கைப்பிடியோட அடியில ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினா தலை ரெண்டு கதவா மெதுவா விரியும், பிளேடைப் போட்டு மறுபடி திருகினா மூடிக்கும். அந்தத் திருகை மட்டும் என்னைத் திருகவிடுவார். தலைக்குக் கீழே ஓரத்துல சீப்பு மாதிரி பல்லு இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு தீபாவளிக்கு அம்மா குத்துவிளக்கோட சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுட்டாங்க. கைப்பிடியில ஒரு பக்கம் முலாம் போயி பித்தளை தெரிஞ்சுது. அப்பா ஒரு வார்த்தை சொல்லல. அதுலயே ஷேவ் பண்ணிக்கிட்டு காளியம்மன் கோயிலுக்குக் கிளம்பிட்டார்.

2008 மே மாசம் நர்கீஸ் புயல்ல கூரைத் தகரம் போச்சு. அலமாரியோட அதுவும் போச்சு.

இப்ப அதே மாதிரி ஒண்ணு வாங்கணும். காட்சிக்கு வைக்க இல்ல, தினமும் முகத்துல வைக்க. ஸ்காட் மார்க்கெட்ல, அதான் இப்ப போஜோக் மார்க்கெட், ரெண்டு தடவை அலைஞ்சேன், கிடைக்கல. டவுன்ல வேற ஒரு பழைய சாமான் கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒண்ணு பளபளன்னு இருக்கு. 95,000 கியாட் சொல்றான். திறந்து காட்டச் சொன்னா, "பழசு, கை படக்கூடாது"ங்கிறான். இன்னொண்ணு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் ஆன்லைன்ல போட்டிருக்கார், 45 பவுண்டு, தபால் செலவு தனி. கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கிற அக்கா மகன் வாங்கித் தரேன்னு சொல்றான்.

கண்ணால பார்க்கிற பொருளை விட்டுட்டு படத்தைப் பார்த்துப் பணம் கட்டணுமான்னு மனசு இழுக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடியாரக்கடை, மோல்மீன்

தம்பி, நான் நாப்பது வருஷமா கடியாரம் பழுது பார்க்கிறவன். ரேசரும் ஒருவகையில கடியாரம்தான், உள்ளே ஒரு தண்டு, ஒரு மரை, ரெண்டு கீல். அதனால எனக்கு அதுமேல ஒரு பிரியம்.

முதல்ல உங்க அப்பா வச்சிருந்தது என்னன்னு சொல்றேன். திருகினா கதவு திறக்கிற ரேசரை ஜில்லெட் கம்பெனி 1934-லதான் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னால எல்லாம் கைப்பிடி, கீழ்த்தட்டு, மூடின்னு மூணாக் கழட்டுற வகை. தங்க முலாம், கதவு, சீப்புப் பல்லு, மூணும் சேர்ந்திருந்தா அது பெரும்பாலும் 1930-களோட 'அரிஸ்டோகிராட்' வகை. பின்னால வந்ததுல பல்லு போயி ஓரம் ஒரே பட்டையா ஆயிடுச்சு. ஆக நீங்க தேட வேண்டியது பல்லு உள்ளது. கடைக்காரன் வச்சிருக்கிறதுல பல்லு இருக்கான்னு நீங்க எழுதவே இல்லையே?

அடுத்தது அந்தப் பளபளப்பு. தொண்ணூறு வருஷத்துப் பொருள், நம்ம ஊரு மழையில கிடந்தது, பளபளன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. இந்த ரேசர் எல்லாத்துக்கும் உடம்பு பித்தளை. மேல நிக்கல் முலாம் போட்டது வெள்ளையா இருக்கும், தங்க முலாம் போட்டது மஞ்சளா இருக்கும். நிக்கல் உரிஞ்ச ரேசரை எடுத்து, மிச்ச நிக்கலையும் பாலிஷ் சக்கரத்துல உரிச்சு, பித்தளையைப் பளபளக்க வச்சு தங்கம்னு வித்துடலாம். என் மேசைக்கே அப்படி ரெண்டு வந்திருக்கு. வாங்கின ஆளு ரெண்டு மாசத்துல கறுத்துப் போச்சுன்னு கொண்டு வந்தார்.

கண்டுபிடிக்கிற இடம் கதவோட உள்பக்கம். சக்கரம் அங்கே போகாது. கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடிங்க. உள்ளேயும் மஞ்சள்னா நல்லது. வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளைன்னா அது உரிச்ச சரக்கு. இன்னொரு சோதனை, ஈரக் கையால ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடிச்சுட்டு விரலை மோந்து பாருங்க. நல்ல முலாம் மணக்காது, பித்தளைன்னா பழைய காசு வாடை வரும்.

திறந்து காட்டாத கடையில வாங்கவே வாங்காதீங்க. கடையில வாங்குறதோட ஒரே லாபம் கையில பிடிச்சுப் பார்க்கலாம்கிறதுதான். அதை அவன் தரலைன்னா நீங்களும் படத்தைத்தான் பார்க்கிறீங்க, அதுவும் கண்ணாடி வழியா.

கையில கிடைச்சா இப்படிப் பாருங்க. திருகைக் கடைசி வரைக்கும் திறந்து மூடுங்க, நடுவுல எங்கேயாவது கடகடன்னா மரை தேய்ஞ்சிருக்கு. புது பிளேடு ஒண்ணு கொண்டு போங்க. போட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேரா பக்கவாட்டுல பிடிங்க. ரெண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரியணும். ஒரு பக்கம் மயிரிழை கூடுதல்னாலும் கதவு வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்தப் பக்கம் கன்னத்தைக் கிழிக்கும். கதவை நிமிர்த்துறது லேசுப்பட்ட வேலை இல்ல, நானே தொட யோசிப்பேன். ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருந்தா பரவாயில்ல, அது சரி பண்ணலாம்.

திறக்கும்போது உள்ளே பழைய பிளேடு இருக்கும், ஜாக்கிரதை. போன வருஷம் ஒரு பையன் என் எதிர்லயே திறந்தான். சோப்பும் துருவும் சேர்ந்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது, பிளேடு இருக்கிறதே தெரியல. கட்டைவிரல் நுனி பிளந்துடுச்சு.

ஆலோன்_பெண்

ஐயா, நான் ஆன்லைன் பக்கம் நின்று பேசுகிறேன். என் கணவருக்காகவும் எனக்காகவும் ஐந்து ரேசர் வாங்கியிருக்கிறேன், நான்கு வெளிநாட்டிலிருந்து வந்தவை.

முதல் ரேசரில் ஏமாந்தேன். கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்குமே, பிளேடு எவ்வளவு வெளியே வரலாம் என்று கூட்டிக் குறைப்பது, அந்த வகை. படத்தில் புதுசு மாதிரி இருந்தது. வந்த பொருளில் வளையம் அசையவே இல்லை. எழுதிக் கேட்டால், "படம் மாதிரிக்குப் போட்டது" என்று பதில். பணம் திரும்பவில்லை. பார்சலும் ஏழு வாரம் எங்கோ கிடந்து வந்தது.

அதன் பிறகு நான்கு படம் கேட்காமல் பணம் கட்டுவதில்லை. கதவு முழுக்கத் திறந்த நிலையில் உள்பக்கம் ஒன்று. தலைக்கு அடியில் இருக்கும் எழுத்து ஒன்று. பிளேடு போட்டுப் பக்கவாட்டில் எடுத்தது ஒன்று. கைப்பிடியும் திருகும் ஒன்று. தேய்ந்த இடத்தைக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒழுங்கான ஆள் அன்றைக்கே எடுத்து அனுப்புவார். சாக்கு சொல்பவரை விட்டுவிடுங்கள்.

அடியில் இருக்கும் எழுத்தால் வயதும் தெரியும். அமெரிக்காவில் செய்த ஜில்லெட்டில் 1951 முதல் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். எழுத்து வருடம், எண் மூன்று மாதக் கணக்கு. 'ஏ 1' என்றால் 1955-ன் முதல் மூன்று மாதம். உங்கள் அப்பாவுடையது அதற்கு முந்தியது, அதனால் இந்தக் குறி இருக்காது. குறி இருக்கும் ஒன்றை 1930-களின் ரேசர் என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், தேடும்போது 'பர்மா' என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். அந்தப் பெயரில் 1925-ல் அமெரிக்காவில் ஒரு ஷேவிங் கிரீம் வந்தது, பர்மா-ஷேவ். சாலையோரம் பாட்டுப் பலகை நட்டு விளம்பரம் செய்தவர்கள். அந்த டப்பாக்கள்தான் பக்கம் பக்கமாக வந்து நிற்கும், நான் ஓர் இரவு முழுக்க அதில் வீணாக்கினேன்.

உள்ளூர்க் கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது குறிப்பிட்ட ஒரே ஒரு வகை. அது நம் ஊரில் யார் பெட்டியில் கிடக்கிறது என்று காத்திருப்பதா? ஏதோ ஒரு நல்ல பழைய ரேசர் போதும் என்றால் கடையே மேல். இதே ரேசர்தான் வேண்டும் என்றால் ஆன்லைன்.

வியாசர்பாடி_பர்மாக்காரன், சென்னை

அண்ணே, நாங்களும் 1964-ல வந்த குடும்பம். எங்க தாத்தா சாமான்ல பாதி துறைமுகத்துலயே நின்னுடுச்சுன்னு ஆத்தா சொல்லும். உங்க பெரியப்பா கதையைப் படிச்சிட்டு வீட்டுல வாசிச்சுக் காட்டினேன்.

இங்க பர்மா பஜார்ல தேடித் தரலாம்னு பார்த்தேன், அங்க இப்ப எலக்ட்ரானிக் சாமான்தான். சிங்கப்பூர்ல இருந்து அக்கா மகன் கொண்டு வந்தா பிளேடைக் கழட்டிட்டு ரேசரை மட்டும் பெட்டியில போட்டு செக்-இன் பண்ணச் சொல்லுங்க. கைப்பையில பிளேடு இருந்தா எடுத்துக்குவாங்க. எத்தனை பேர் முகத்துல பட்டதோ, வந்ததும் ஸ்பிரிட்ல நல்லாத் துடைச்சுட்டு அப்புறம் தொடுங்க.

பசுண்டாங்வாசி, ரங்கூன்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு எழுதுறேன்.

கடைக்கு மறுபடி போனேன். வாங்குறதா இருந்தாத்தான் திறப்பேன்னான். சரி, பணத்தை மேசையில வைக்கிறேன், உள்ளே சரியா இருந்தா எடுத்துக்கன்னு எண்ணி வச்சேன். அப்புறம்தான் திறந்தான். போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினேன். கதவோட உள்பக்கம் வெள்ளை வெளேர்னு நிக்கல். பல்லும் இல்ல, பட்டை. மோல்மீன் அண்ணன் கூடவே நின்னு காட்டின மாதிரி இருந்துச்சு. பணத்தை எடுத்து மடியில கட்டிக்கிட்டு வந்துட்டேன். அவன்மேல கோபம் இல்ல, அவனுக்கும் தெரியாமலே யாரோ தலையில கட்டியிருக்கலாம்.

இங்கிலாந்துக்காரருக்கு அக்கா மகன் நாலு படம் கேட்டு எழுதினான். மறுநாளே ஆறு படம் வந்துச்சு. உள்ளேயும் மஞ்சள். பிளேடு ரெண்டு பக்கமும் சமம். ஓரத்துல ஒரு பல்லு மட்டும் லேசா உள்ளே சாஞ்சிருக்கு, அதை அவரே வட்டம் போட்டுக் காட்டி, 45-ல இருந்து 38 பவுண்டுக்குக் குறைச்சுக்கிட்டார். தலைமேல முலாம் கொஞ்சம் மங்கல், கைப்பிடி நல்லா இருக்கு. பணம் கட்டியாச்சு. தீபாவளிக்கு வரும்போது அக்கா மகனே கொண்டு வரான்.

அண்ணே, ரெண்டு கேள்வி. வந்ததும் எதுல கழுவுறது? பிளேடு எது போடுறது? இருபது வருஷமா பிளாஸ்டிக் ரேசர்தான் பழக்கம்.

கடியாரக்கடை, மோல்மீன்

புளி, எலுமிச்சம்பழம், வினிகர், பித்தளை பாலிஷ், எதுவும் கிட்டவே போகக்கூடாது. தங்க முலாம் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. மேல ஒரு வார்னிஷும் இருக்கும், கொதிக்கிற தண்ணி பட்டா உரிஞ்சுடும். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, ராத்திரி பூரா ஊறட்டும். காலையில மெத்துன்னு இருக்கிற பழைய டூத் பிரஷ்ஷால கதவு இடுக்கு, பல்லு இடுக்கு. காய வச்சு, திருகோட தண்டுல தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஸ்பிரிட் தொட்ட துணியால பிளேடு உட்கார்ற இடத்தை மட்டும் துடைங்க, முலாம் மேல அழுத்தித் தேய்க்காதீங்க.

சாஞ்ச பல்லை நீங்க தொடாதீங்க. மோல்மீன் பக்கம் யாராவது வந்தா குடுத்து விடுங்க. பல்லுக்கு அடியில பெல்ட் தோல் வச்சு மரக்குச்சியால தள்ளி நிமிர்த்தித் தரேன்.

பிளேடு நம்ம ஊருக் கடையில கிடைக்கிற இருபக்க பிளேடு எல்லாமே அதுல உட்காரும், செவன் ஓ கிளாக்கே போதும். பல்லு உள்ள ரேசர் கொஞ்சம் முரட்டுத்தனமா வெட்டும். பிளாஸ்டிக் ரேசரை அழுத்துற மாதிரி அழுத்தாதீங்க, அதோட பாரத்துலயே இறங்கட்டும். முதல் வாரம் மயிர் வளர்ற போக்குலயே எடுங்க, எதிர்ப்பக்கம் வேண்டாம். மோவாய்க்கட்டைக்கு வந்ததும் தோலை இழுத்துப் பிடிச்சுக்குங்க.