ஓஸ் மாநாட்டில் யாருடைய உரைகளைத் தவறவிடக்கூடாது?

மரகதநகர் வாசகி (கேள்வி):
அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் எழுதிய, ஓஸ் என்ற கற்பனை நாட்டைப் பற்றிய கதைகளின் அன்பர்கள் கலிபோர்னியாவில் நடத்தும் மாநாட்டிற்கு அடுத்த முறை என் மகளையும் அழைத்துக்கொண்டு செல்ல எண்ணியிருக்கிறேன். 1939 ஆம் ஆண்டின் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' திரைப்படத்தில் மன்ச்கின்கள் என்ற குள்ள மக்களாக நடித்தவர்கள் மேடையேறித் தங்கள் நினைவுகளைச் சொல்வதுதான் ஓஸ் விழாக்களில் நெடுங்காலம் பெரும் ஈர்ப்பாக இருந்தது என்று படித்திருக்கிறேன். அவர்களுள் வயதுவந்த நடிகர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஜெர்ரி மேரனும் 2018 இல் காலமாகிவிட்டார். கண்ணால் கண்டவர்கள் எவரும் இல்லாத மேடையில் இனிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? பாம் எழுதிய 14 ஓஸ் நூல்களையும் படித்துவிட்டுச் செல்லும் எங்களைப் போன்றவர்கள் யாருடைய உரைகளைத் தேடிக் கேட்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழம்பதிப்புப் பிரியர்:
அம்மா, மன்ச்கின் நடிகர்கள் படப்பிடிப்பைக் கண்டவர்கள். பாமைக் கண்டவர்கள் அல்லர். அவர் 1919 மே மாதத்திலேயே ஹாலிவுட்டில் மறைந்துவிட்டார், படம் வெளிவந்ததோ அதற்கு 20 ஆண்டுகள் கழித்து. ஆகவே அந்த இழப்பு திரைப்பட வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பே தவிர, நூல்களைப் பற்றிய பேச்சு அதனால் வற்றிப்போகவில்லை. பாமை உண்மையாகவே அறிந்திருந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் 1961 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவருடைய மகன் ஹாரி நீல் பாம், இந்தியானா மாநிலத்தின் பாஸ் ஏரிக்கரையில் இருந்த தமது விடுதியில் சர்வதேச ஓஸ் மன்றத்தின் முதல் மாநாட்டை நடத்த இடமளித்தார்.

அந்த மன்றத்தின் கதையை அறிந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். அதை 1957 இல் தொடங்கியவர் ஜஸ்டின் ஷில்லர் என்ற 13 வயதுச் சிறுவர். அப்போது உறுப்பினர்கள் 16 பேர் மட்டுமே. அதே ஆண்டில்தான் டெட்ராய்ட் பொது நூலகத்தின் இயக்குநர் ஓஸ் நூல்களுக்கு மதிப்பில்லை என்று கூறப்போய், அது நாடெங்கும் பெரும் விவாதமாயிற்று. நூலகங்களும் விமர்சகர்களும் புறக்கணித்த ஓர் எழுத்தாளரை, எந்தப் பதவியும் ஊதியமும் எதிர்பாராத வாசகர்கள் தாங்களே ஆராய்ந்து, 'பாம் பியூகில்' என்ற தங்கள் இதழில் எழுதி நிலைநிறுத்தினார்கள். கணிதப் புதிர்களால் நம்மில் பலருக்கு அறிமுகமான மார்ட்டின் கார்ட்னரும் அவர்களுள் ஒருவர் என்பதை இங்கே மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறேன். அந்த மரபில் வருகிற பேச்சாளர்கள்தாம் மாநாட்டின் உயிர். முதல் ஓஸ் நூலின் 1900 ஆம் ஆண்டு முதல் பதிப்பில் ஓவியர் டென்ஸ்லோவின் வண்ணப்படங்கள் எவ்வாறு கதையோடு இயைந்து அச்சாயின, இரண்டாம் நூல் முதல் ஜான் ஆர். நீல் வரையத் தொடங்கியதும் ஓஸின் முகமே எவ்வாறு மாறியது என்பன போன்றவற்றைப் பழம்பதிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குபவர்களைத் தவறவிடாதீர்கள். பாமுக்குப் பின் 19 ஓஸ் நூல்களை எழுதிய ரூத் பிளம்லி தாம்சனைப் பற்றிய உரை இருந்தால் அதற்கும் செல்லுங்கள். அவரைப் பற்றிப் பொதுவெளியில் பேசுபவர்கள் மிகக் குறைவு.

ஏரிக்கரையான்:
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அன்பர்கள் கூடும் இடத்தில் புகழுரை மட்டுமே ஒலித்தால் அது பாமுக்கும் நன்மையன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெற்கு டகோட்டாவின் அபர்டீன் நகரில் செய்தித்தாள் நடத்தியபோது, 1890 டிசம்பரிலும் மீண்டும் அமெரிக்கப் படையினர் பூர்வகுடி மக்களைக் கொன்ற வூண்டட் நீ படுகொலையை அடுத்து 1891 ஜனவரியிலும், பூர்வகுடி மக்களை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று அவர் தலையங்கம் எழுதினார். 2006 இல் அவருடைய வழித்தோன்றல்கள் இருவர் அப்பூர்வகுடியினரான சூ மக்களிடம் இதற்காக நேரடியாக மன்னிப்புக் கேட்டார்கள். குடும்பத்தினரே மறைக்காத ஒன்றை மாநாட்டு மேடை மறைக்கக் கூடாது. இதைப் பற்றி நேர்மையாகப் பேசுபவரையே நான் முதலில் தேடுவேன்.

அவ்வுரையோடு பாமின் மாமியார் மெட்டில்டா ஜோஸ்லின் கேஜைப் பற்றிய உரையையும் கேளுங்கள். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். ஹோடனோசோனி என்ற பூர்வகுடி மக்களின் சமூக அமைப்பில் பெண்களுக்கு இருந்த அதிகாரத்தைப் போற்றி எழுதியவர். ஓஸ் நாட்டை ஆள்பவள் ஏன் ஒரு சிறுமியாக இருக்கிறாள் என்று யோசிக்கும் எவரும் அவரைக் கடந்து செல்ல முடியாது. அவர் வழியாகவே பாம் தம்பதியர் 1892 இல் சிகாகோவில் பிரம்மஞான சபையில் சேர்ந்தார்கள். அச்சபையின் தலைமையகம் நம் அடையாற்றில்தான் இருக்கிறது என்பதால் அவர்கள் சேர்ந்த சிகாகோ கிளையின் பெயர் உங்களுக்கு வியப்பளிக்கலாம்: 'ராமாயணா'.

மரகதநகர் வாசகி:
இருவருக்கும் நன்றி. தலையங்கங்களைப் பற்றி மகளிடம் புறப்படும் முன்பே பேசிவிடுவேன். இன்னொன்றையும் கேட்க வேண்டும். மஞ்சள் கல் பாதை தங்கத்தையும், கதைநாயகி டோரதியின் வெள்ளிக் காலணிகள், தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக அச்சிட வேண்டும் என்ற அக்காலக் கோரிக்கையையும் குறிப்பதாக அவளுடைய வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பேசுபவர்கள் இதை ஏற்பார்களா?

பழம்பதிப்புப் பிரியர்:
பெரும்பாலோர் ஏற்கமாட்டார்கள். அந்த விளக்கத்தைப் பரப்பியது ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் 1964 இல் எழுதிய கட்டுரை. 1890களின் அரசியலை மாணவர்களுக்குப் புரியவைக்க அது அவருக்குப் பயன்பட்டது; ஆனால் பாம் அந்தக் கோரிக்கையை முன்வைத்த மக்கள் கட்சியை ஆதரித்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்று 1992 இல் அவரே எழுதிவிட்டார். 1896 அதிபர் தேர்தலில் வெள்ளி நாணயத்தை எதிர்த்த வேட்பாளர் மெக்கின்லியை ஆதரித்து பாம் ஒரு கவிதையே வெளியிட்டிருக்கிறார். இந்த விளக்கத்தை ஐயமின்றி மேடையில் ஒப்பிப்பவர் யாரேனும் இருந்தால், அந்தக் கவிதையைப் பற்றி உங்கள் மகளையே எழுந்து கேட்கச் சொல்லுங்கள்.