எக்ஸ்ரே மதிப்பெண்ணை வைத்தே வைரஸ் நிமோனியாவின் தீவிரத்தைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி (கதிரியல் தொழில்நுட்ப மாணவி):

அனைவருக்கும் வணக்கம். கோவிட் முதல் அலையின்போது, 2020-ல், இத்தாலியின் பிரெஷா நகரில் உருவான ‘பிரிக்ஸியா’ மதிப்பெண் முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரு நுரையீரல்களையும் மேல், நடு, கீழ் என மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால் 18-க்கு ஓர் எண் கிடைக்கிறது. 6 பெற்ற நோயாளியைவிட 12 பெற்றவருக்கு நோய் முற்றிவிட்டது என்று நேரடியாகச் சொல்லிவிடலாமா? சி.டி. ஸ்கேன் இருக்கும்போது எக்ஸ்ரே மதிப்பெண்ணுக்கு என்ன தேவை?

மறுமொழி (கதிரியல் மருத்துவர்):

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நோயாளிகள் அலையலையாக வந்த அந்த வாரங்களில், மூச்சுவிடவே திணறும் ஒருவரைப் படுக்கையோடு ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதும், ஒவ்வொருவருக்குப் பிறகும் அந்த அறையைக் கிருமிநீக்கம் செய்வதும் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. நகர்த்தும் எக்ஸ்ரே கருவியோ படுக்கையருகே வந்துவிடும், தேவைப்பட்டால் நாள்தோறும் படம் எடுக்கலாம், கதிர்வீச்சும் சி.டி.யைவிட மிகக் குறைவு.

பிரிக்ஸியா முறையில் 1, 2, 3 என்பவை படத்தில் பாதிப்பைக் காட்டும் வெண்மை எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதைக் குறிப்பவை அல்ல. அதன் தன்மையைக் குறிப்பவை. காற்றறைகளுக்கு இடையிலுள்ள திசுவில் மட்டும் பாதிப்பு இருந்தால் 1. காற்றறைகளிலும் நீர்மம் சேர்ந்து, ஆனால் இடைத்திசுப் பாதிப்பே மேலோங்கியிருந்தால் 2. காற்றறைப் பாதிப்பு மேலோங்கிவிட்டால் 3. ஹாங்காங் மருத்துவர்கள் 2020-ல் 64 நோயாளிகளிடம் பயன்படுத்திய முறையோ பரப்பை மட்டுமே பார்ப்பது: ஒரு நுரையீரலுக்கு 4, மொத்தம் 8. ஆகவே அறிக்கையில் வெறுமனே ‘8’ என்று எழுதினால் அது ஒரு முறையில் உச்சம், மற்றொன்றில் பாதிக்கும் குறைவு. எந்த முறை என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

அந்த ஹாங்காங் ஆய்வில் முதல் எக்ஸ்ரே 69 சதவீதத்தினரிடம்தான் மாற்றத்தைக் காட்டியது. அறிகுறி தொடங்கிய 10 முதல் 12 நாள்களில்தான் பாதிப்பு உச்சத்தைத் தொட்டது. ஆகவே மூன்றாம் நாளில் 6 பெற்றவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்; பதினைந்தாம் நாளில் 12-லிருந்து இறங்கி வருபவர் பெரும்பாலும் தேறி வருபவராக இருப்பார். நாளைக் குறிப்பிடாத மதிப்பெண்ணை நான் ஏற்பதில்லை.

மறுமொழி (நெஞ்சக நோய் மருத்துவர்):

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் தீவிரத்தை வரையறுப்பது படமன்று, மூச்சு. இந்திய அரசின் வழிகாட்டுதல் இரத்த ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 சதவீதம் வரை இருந்தால் மிதமான நோய் என்றும், 90-க்குக் கீழே போனால் தீவிர நோய் என்றும் வகுத்தது. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலும் தீவிரம்தான். இவற்றுள் எக்ஸ்ரே மதிப்பெண் இடம்பெறவில்லை. 2021-ல் நம் ஊர்களில் நுரையீரல் பாதிப்புக்கு 25-க்கு எத்தனை என்று இடப்பட்ட சி.டி. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் 97 இருந்தவர்களின் குடும்பங்கள் கலங்கியதையும், குறைந்த எண்ணை நம்பி மூச்சிரைப்பைப் பொருட்படுத்தாதவர்கள் தாமதமாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே நுரையீரல் நலிந்தவருக்குச் சிறிய பாதிப்பே பெருந்திணறலாகிவிடும். அதை எந்தக் கூட்டுத்தொகையும் காட்டாது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ஒரே நோயாளியின் அடுத்தடுத்த படங்களை ஒப்பிடுவதுதான் இதன் உண்மையான பயன் என்று புரிந்துகொள்கிறேன். முதல் படம் நின்றபடியும் அடுத்தது படுத்தபடியும் எடுக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது?

மறுமொழி (கதிரியல் மருத்துவர்):

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். படுத்த நிலையில் நுரையீரலுக்குக் கீழேயுள்ள உதரவிதானத் தசை மேலேறும், இதயம் பெரிதாகத் தெரியும், மூச்சை முழுமையாக இழுக்க முடியாததால் கீழ்ப்பகுதிகள் மங்கும். நோய் ஏறாமலே மதிப்பெண் ஏறிவிடும். இங்கேதான் படம் எடுக்கும் உங்களைப் போன்றோரின் கவனம் எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. முடிந்தவரை முந்தைய படத்தின் நிலையிலேயே எடுங்கள். முடியாவிட்டால் நிலையைப் படத்திலேயே குறியுங்கள். நோயாளி வென்டிலேட்டரில் இருந்தால் அதையும், அதில் காற்றழுத்தம் எவ்வளவு வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் நுரையீரல் விரிந்து வெண்மை குறைந்ததுபோல் தோன்றும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகும் ஒருவரைத் தேறி வருவதாக நான் எழுதிவிட நேரும்.