ஆன்லைன்ல செஷன் எடுத்துப் பழகறது பயிற்சியில சேருமா?

அல்சூர்க்காரி:
பெங்களூர்ல எம்எஸ்சி கவுன்சலிங் சைக்காலஜி, ரெண்டாம் வருஷம். பிளேஸ்மென்ட், அதாவது கிளையன்ட்களுக்குக் கவுன்சலிங் கொடுத்துப் பழகற பயிற்சி, முழுக்க ஆன்லைன்தான். ரூம்மேட் வேலைக்குக் கிளம்பினதும் கதவிடுக்குல துண்டைத் திணிச்சு, ஃபேனை நிறுத்திட்டு உட்காருவேன். வேர்த்துக் கொட்டும். தமிழ் கிளையன்ட் எல்லாம் எனக்குத்தான் வருவாங்க, அதுல ஒரு சந்தோஷம்.

போன வாரம் ஒருத்தங்க (அடையாளம் மாத்தித்தான் எழுதறேன்) மாடிப்படியில உட்கார்ந்து பேசினாங்க. "எதுக்கு இருக்கோம்னே தெரியலக்கா"ன்னாங்க. அதோட வீடியோ அசையல. அழுகையை அடக்கறாங்களா, நெட் போச்சான்னு புரியாம நானும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். கட் ஆயிடுச்சு. 11 நிமிஷம் கழிச்சுத் திரும்ப வந்து, "சிக்னல் இல்லக்கா"ன்னாங்க. அந்த 11 நிமிஷமும் அவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது.

சூப்பர்விஷன், அதாவது நாங்க எடுத்த செஷனைப் பத்தி மேடத்துகிட்ட பேசறது, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, எட்டு பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். நான் செஷன் எடுத்து மேடம் பார்த்ததே இல்ல. நான் சொல்ற கதையைத்தான் கேக்கறாங்க. இதெல்லாம் பயிற்சியா?

பழைய எம்ஃபில்:
ஏம்மா, ஊரே தெரியாம எப்படி ஆரம்பிச்சே? ஒவ்வொரு செஷனும் "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யார் இருக்கா, லைன் போனா எந்த நம்பர்ல கூப்பிடட்டும்"னு கேட்டுத்தான் தொடங்கணும். வீட்ல ஒருத்தர் நம்பர் முதல் நாளே வாங்கி வை. அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், 14416, அந்த நம்பரையும் கொடு. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். உங்க ஊர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்தான் அதுக்குத் தலைமை.

இன்னொண்ணு, இந்தப் பயிற்சி மணி நேரத்தை எல்லாம் சேர்த்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்க முடியாது. 2017 மனநலச் சட்டப்படி அதுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள படிப்பு வேணும்.

முலுண்ட் மாமி:
நான் மும்பையில ஆறு வருஷமா இன்டர்ன்களுக்குச் சூப்பர்விஷன் பண்றேன். ஆன்லைன்ல ஒரு சௌகரியம் இருக்கு, யாரும் பயன்படுத்திக்கிறதில்ல. நேர்ல நான் மூலையில நாற்காலி போட்டு உட்கார்ந்தா கிளையன்ட் கண்ணு என் மேலயேதான் இருக்கும். ஆன்லைன்ல கிளையன்ட்கிட்ட சொல்லி, அவங்க சம்மதிச்சா, கேமராவையும் மைக்கையும் அணைச்சுட்டு உள்ளே இருப்பேன். பத்து நிமிஷத்துல என்னை மறந்துடுவாங்க. உங்க மேடத்தைக் கூப்பிடுங்கோ. வரலேன்னா காலேஜ்ல எழுதிக் கொடுங்கோ.

அப்புறம் வீடியோ நின்னா வாயைத் திறந்து கேட்டுடணும்: "உங்க படம் அசையல, நான் பேசறது கேக்குதா?" நெட்டுல வர்ற மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீங்கோ.

அல்சூர்க்காரி:
மேடத்துக்குப் போன் பண்ணேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. நானும் "கேக்குதா மேடம்"னேன். கேட்டிருக்கு. வியாழக்கிழமை பத்தரைக்கு வர்றாங்களாம், கிளையன்ட்டும் சரின்னுட்டாங்க. இப்ப வயித்தைக் கலக்கறது எனக்குத்தான்.