தலைப்பிரசவச் செலவுக்கு நாங்கள் எப்படிப் பணம் சேர்த்து வைத்தோம்

பிரசவத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். அதெல்லாம் பெரும்பாலும் தாய்க்கு ஆகிற செலவு. குழந்தைக்குத் தனியாக பில் வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாசமாக இருப்பவர்களுக்கு உதவும் என்று எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னையில், அம்மா வீடு கும்பகோணம் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸில் பிரசவத்துக்கு ஐம்பதாயிரம் வரை கிடைக்கும், காத்திருப்புக் காலமும் கிடையாது. நாமே தனியாக எடுக்கும் பாலிசிகளில் அப்படி இல்லை. பிரசவச் செலவு கிடைக்க ஒன்பது மாதம் முதல் நாலு வருடம் வரைகூடக் காத்திருக்க வேண்டும். கரு தங்கிய பிறகு எடுத்தால் அந்தப் பிரசவத்துக்கு உதவாது. கல்யாணம் ஆன கையோடு விசாரித்து வைப்பது நல்லது.

ஊரில் நான் காட்டிக்கொண்டிருந்த நர்சிங் ஹோம் கேஷ்லெஸ் பட்டியலில் (இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் பட்டியல்) இல்லை. அப்படியானால் மொத்தப் பணத்தையும் முதலில் நாம் கட்டி, பில்லை அனுப்பி, அப்புறம்தான் வாங்க முடியும். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் கையில் ரொக்கம் வேண்டும் என்பது அங்கேதான் உறைத்தது. அப்பா எனக்காகக் கட்டி வந்த சீட்டை எடுத்தார். "முதல் பிரசவம் எங்க செலவு மாப்பிள்ளை" என்று அவர் சொல்ல, "இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் உங்க அக்கவுண்ட்லயே போட்டுடறேன் மாமா" என்று இவர் சொல்ல, அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் போயிற்று. பணப் பேச்சை வளைகாப்புக்கு முன்பே பேசி முடித்ததை இப்போது நினைத்தாலும் நிம்மதியாக இருக்கிறது.

சுகப்பிரசவமாகத்தான் ஆகும் என்று எல்லாரும் வாழ்த்தினாலும் பணத்தை சிசேரியன் கணக்கில் எடுத்து வையுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். பேக்கேஜ் என்று சொன்னால் மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், மருந்துக் கடை பில், குழந்தை டாக்டர் வந்து பார்ப்பது எல்லாம் அதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எனக்கு சிசேரியன்தான் ஆனது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். கண்ணில் சின்னத் துணிப்பட்டை, இடுப்பில் டயப்பர் மட்டும். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போதெல்லாம் நானும் சேர்ந்து அழுதேன். அதற்குத் தனி அட்மிஷன், என் பெயருக்கு முன்னால் "பேபி ஆஃப்" என்று போட்டுத் தனி ஃபைல், விளக்குக்கு ஒரு நாள் வாடகை, டாக்டர் விசிட், டெஸ்ட் என்று தனி பில். எங்கள் பாலிசியில் குழந்தைச் செலவும் அந்த ஐம்பதாயிரத்துக்குள்தான், அதுவோ சிசேரியனுக்கே சரியாகப் போய்விட்டது. சீட்டுப் பணம்தான் கைகொடுத்தது. குறைமாதமாகப் பிறந்து என்ஐசியூவில் (பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வைக்க நேர்ந்தால் செலவு பல மடங்கு. குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே கவரேஜ் உண்டா, தனித் தொகையா, பெயரைச் சேர்க்க எத்தனை நாள் கெடு என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

அக்கா, எனக்கு ரெண்டு பிரசவமும் அரசு ஆஸ்பத்திரியில்தான். ரெண்டாவது சிசேரியன். ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசு வாங்கவில்லை. 2011ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இதெல்லாம் இலவசம். பச்சைக் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனாலும் அதே சலுகை உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து விட 102 வண்டி. கரு தங்கியது தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம நர்ஸிடம் சொல்லி பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அது வேண்டும் (14,000 பணமாக, மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாக). தனியாரில் பெற்றுக்கொண்டாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நம்பரைக் கேட்பார்கள். எங்களுக்குக் கைக்காசு போனது கூட இருந்தவர்களின் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும்தான். அதையும் கணக்கில் வையுங்கள்.

திருப்பூரிலிருந்து இன்னொரு வாசகி

நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். முதல் ரெண்டு குழந்தைக்கும் 26 வாரச் சம்பளம் ஈஎஸ்ஐயே தரும். அதற்கு முந்தைய ரெண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அதனால் பாதியில் வேலையை விட்டுவிடாதீர்கள் தோழிகளே. ஆனால் பணம் மாதாமாதம் சம்பளத் தேதியில் வந்துவிடாது. சர்டிபிகேட் கொடுத்து, கிளை அலுவலகத்தில் க்ளெய்ம் போட்டு, அப்புறம்தான் வரும். நாங்கள் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் தனியாக ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டு வைத்திருந்தோம். கும்பகோணத்து அக்கா, பில்லுக்கு இன்ஷூரன்ஸில் எதையெல்லாம் கழித்தார்கள் என்று சொன்னால் என் தங்கைக்கு உதவும், அவளுக்கு இது ஆறாம் மாதம்.

கும்பகோணம்

திருப்பூர் தோழிக்கு: எங்கள் பில்லில் கையுறை, டயப்பர், ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் எல்லாம் கழித்தார்கள்ப்பா. டாக்டர் சீட்டு இல்லாத மருந்து பில்லையும் திருப்பி அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அயிட்டம் வாரியாகப் பிரித்த பில், ஒரிஜினல் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துக்கும் டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரே கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளட்டும்.