புதுப்பிப்பு: எட்டுமுனைக் காந்தங்களின் திசையும் கற்றையின் நிலைத்தன்மையும்

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்துள்ள, செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி துகள் மோதுவிப்பானில், எட்டுமுனைக் காந்தங்களின் மின்னோட்டத் திசையை மாற்றும்போது புரோட்டான் கற்றையின் நிலைத்தன்மை எவ்வாறு மாறுகிறது என்பதை முந்தைய பதிவில் ஒப்பிட்டிருந்தேன். தனிக் கற்றைக்கு எதிர்த்திசையே சாதகம் என்றால் 2012-இல் செர்ன் ஏன் நேர்த்திசைக்கு மாறியது என்று சிலர் கேட்டிருந்தனர்.

இக்காந்தங்களின் வேலை, ஒவ்வொரு புரோட்டானின் அலைவு வேகத்தையும் அதன் வீச்சுக்கேற்பச் சற்றே மாற்றி, அனைத்தும் ஒரே தாளத்தில் ஆடிக் கற்றையைக் குலைத்துவிடாமல் தடுப்பதாகும். ஆனால் கற்றை தனித்து ஓடுவதில்லை: மோதல் புள்ளிகளின் இருபுறமும் இரு கற்றைகளும் ஒரே குழாய்க்குள் சற்று விலகி ஒன்றையொன்று கடக்கின்றன. அப்போது எழும் விசையும் அலைவு வேகங்களை மாற்றுகிறது. எதிர்த்திசையில் இவ்விளைவு காந்தங்கள் உண்டாக்கிய பரவலைக் (புரோட்டான்களின் அலைவு வேகங்களுக்கிடையேயான வேறுபாட்டை) கரைக்கிறது, நேர்த்திசையில் அதனுடன் கூடுகிறது. கற்றையை மோதல் புள்ளியில் குறுக்கும் கட்டத்தின் முடிவில் இவ்விளைவு உச்சமடைகிறது. 2012-இல் நிலையின்மை தலைகாட்டியதும் அங்கேதான். (நேருக்கு நேர் மோதத் தொடங்கியபின் பரவல் பெரிதாகிவிடுவதால், அபாயம் பெரும்பாலும் அதற்கு முந்தைய நிமிடங்களில்தான்.)

அவ்வாண்டு ஆகஸ்டில் திசையை மாற்றியபோது நிறப்பிறழ்ச்சியையும் (புரோட்டானின் உந்தத்துக்கேற்ப அலைவு வேகம் மாறும் அளவு), கற்றையின் ஆட்டத்தை அடக்கும் அதிர்வுத் தணிப்பியின் வலிமையையும் சேர்த்தே உயர்த்தியதால், பலன் முழுவதையும் திசைமாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல என்பது என் கருத்து. நிலையின்மையும் அத்துடன் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.