மூலப்பதிகை, பொதுப்பதிகை: நில அளவைக் கருவியின் கோப்புக்கு ஒரு பெயர்

நண்பர்களே,

செயற்கைக்கோள் அலைகளைக் கொண்டு நிலம் அளக்கும் கருவி, களத்தில் தானே எழுதிவைக்கும் கோப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். 'புவியிடங்காட்டிப் பதிவுக்கோப்பு', 'இடப்பதிவு', 'நாட்குறிப்பு', 'செயற்கைக்கோள் அளவைத் தரவுப் பதிவேடு'. எல்லாமே 'லாக் ஃபைல்' என்ற ஆங்கிலத் தொடரை வெளியில் நின்று பார்த்துச் செய்தவை. கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

கருவி நின்ற இடம் எது என்ற விடை உள்ளே இல்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாம் நடந்த பாதையைக் கைபேசி சேமிக்கிறதே, அது வேறு சங்கதி. அளவைக் கருவியின் கோப்பில் ஒரு நேர வரி இருக்கும். அதன் கீழே செயற்கைக்கோளுக்கு ஒரு வரி: ஜி07, ஆர்15, ஈ11 என்று. ஜி என்றால் அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஆர் ரஷ்யாவின் குளோனாஸ், ஈ ஐரோப்பாவின் கலிலியோ, ஐ நம்முடைய நாவிக். ஜிபிஎஸ் கோளின் வரியில் இரண்டு கோடி மீட்டரைத் தாண்டிய ஓர் எண் நிற்கும். கருவிக்கும் கோளுக்கும் உள்ள தோராயத் தொலைவு அது. பக்கத்தில் அலைக்கட்டம், டாப்ளர் (நகர்வால் அலைவெண் மாறும் அளவு), சமிக்ஞையின் வலு. அடுத்த நேர வரி வந்ததும் மறுபடி அதே கதை. 30 விநாடிக்கு ஒரு முறை எழுதினால் ஒரு நாளைக்கு 2,880 முறை.

இதில் விலைமதிப்பான எண் அலைக்கட்டம்தான். ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. அந்த அலையின் எந்தப் பகுதி ஆண்டெனாவைத் தொட்டது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் கருவி சொல்லிவிடும். ஆனால் கோளுக்கும் தனக்கும் இடையே முழு அலைகள் எத்தனை என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, வழக்கமாக, இடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியில் அதே நேரத்தில் எழுதப்பட்ட இன்னொரு கோப்பு வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் துல்லியமான இடம் கிடைக்கும். 'கோப்பின் தலைப்பகுதியில் தோராய இடம் என்று ஒரு வரி இருக்கிறதே' என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். இருக்கிறது. சில மீட்டர் பிசகியிருந்தாலும் யாரும் கவலைப்படாத வரி அது. கணக்கைத் தொடங்கிவைக்க மட்டுமே உதவும். எனவே 'இடப்பதிவு', 'புவியிடங்காட்டிப் பதிவு' இரண்டையும் விட்டுவிடலாம். உள்ளே இல்லாத பொருளைப் பெயரில் வைக்கக் கூடாது.

அடுத்து 'பதிவு'. பொதுவாக நல்ல சொல்தான், ஆனால் இந்தத் தொழிலில் இல்லை. நிலம் சம்பந்தப்பட்ட பேச்சில் 'பதிவு ஆகிவிட்டதா?' என்று கேட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் முடிந்ததா என்றுதான் பொருள். ஒரே மனையைப் பற்றிய ஒரே அறிக்கையில் பத்திரப் பதிவும் கருவியின் பதிவும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் தலையைச் சொறிவார். 'பதிவேடு' என்றாலும் இதே சிக்கல்.

'நாட்குறிப்பு' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கோப்பின் நாள் நம் நாள் அல்ல. கருவி ஜிபிஎஸ் நேரத்தில் எழுதுகிறது. அது உலகப் பொது நேரத்தைவிட இப்போது 18 விநாடி முன்னால் ஓடுகிறது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 5 மணி 29 நிமிடம் 42 விநாடிக்குத்தான் கோப்புக்குப் புது நாள் பிறக்கும். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கலாம் என்று விடியற்காலை 5 மணிக்கே கருவியை வைத்தால், முதல் அரை மணி நேரம் முந்தைய நாளின் கணக்கில் போய்ச் சேரும். தவிர, அரை மணி நேரத்துக் கோப்பை நாட்குறிப்பு என்பது கொஞ்சம் அதிகம்.

எனக்கு மிகவும் ஆசையாக இருந்த சொல் 'சிட்டை'. பழைய கடைக்கணக்கில் நடப்பதை நடந்தபடி முதலில் சிட்டையில் குறிப்பார்கள். அப்புறம் நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். கருவி செய்வதும் அந்த முதல் வேலைதான். 'அளவைச்சிட்டை' என்றால் நாக்கிலும் நன்றாக உட்காருகிறது. ஆனால் தமிழ்நாட்டு நில அளவையரிடம் போய்ச் சிட்டை என்று சொல்லிப் பாருங்கள், சிட்டா நகலைத்தான் எடுத்துக் கொடுப்பார். பட்டா, சிட்டா, அடங்கல் என்று நாள் முழுக்கப் புழங்கும் இடத்தில் அதே ஓசையுள்ள இன்னொரு சொல்லை நுழைப்பது வம்பு. மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

அதனால் 'பதிகை'. புதிதாக நாம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் லாகின், லாகவுட் இரண்டுக்கும் புகுபதிகை, விடுபதிகை என்று பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. பதிவிலிருந்து விலகி நிற்கிறது, குட்டையாக இருக்கிறது. 'கோப்பு' என்று தனியாக ஒட்டவும் வேண்டாம். கணினியில் பதிகை கோப்பாகத்தானே இருக்கும்? செயற்கைக்கோள் என்பதையும் பெயரில் சேர்க்க வேண்டாம் என்பேன். இங்கே செயற்கைக்கோள், இலங்கையில் செய்மதி. பெயரிலேயே இல்லாவிட்டால் அந்தச் சண்டையும் இல்லை. கருவிக்கு ஏற்பியா, பெறுவியா, அலைவாங்கியா என்ற வழக்கும் இந்தச் சொல்லுக்கு வெளியே நடக்கட்டும்.

ஆனால் வெறும் பதிகை போதாது, ஏனென்றால் களத்தில் இரண்டு வகைக் கோப்புகள் புழங்குகின்றன. ஒன்று, கருவி செய்த நிறுவனத்தின் சொந்த வடிவம். டிரிம்பிளுக்கு டி02, லைக்காவுக்கு எம்00, டாப்கானுக்கு டிபிஎஸ் என்று கோப்புப்பெயரில் ஆளுக்கொரு வால். இன்னொன்று ரைனெக்ஸ். 1989இல் ஐரோப்பா முழுவதையும் இணைத்து ஒரு பெரிய ஜிபிஎஸ் அளவை நடந்தது. நான்கு நிறுவனங்களின் 60க்கும் மேற்பட்ட கருவிகள் அதில் இருந்தன. ஒன்றின் கோப்பு மற்றொன்றின் மென்பொருளுக்குப் புரியாது. அதற்காக சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக வானியல் நிறுவனத்தின் வெர்னர் குர்ட்னர் வகுத்த பொது வடிவம்தான் ரைனெக்ஸ். கண்ணால் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு.

முதல் வகைக்கு 'மூலப்பதிகை' என்றும் இரண்டாவதற்குப் 'பொதுப்பதிகை' என்றும் சொல்லலாம். 'மூலம்' என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும், தெரியும். ஆனால் மூலப்பத்திரத்தைக் கேட்காமல் யாரும் மனை வாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் ஆதாரமான முதல் ஆவணம் என்ற பொருளில் நிலத்தொழிலில் வேரோடிய சொல் அது. சர்ச்சை வந்தால் கடைசியில் எல்லாரும் கேட்பதும் மூலப்பதிகையைத்தான். ரைனெக்ஸ் என்ற பெயரும் இருக்கட்டும். அது வடிவத்தின் பெயர், பொதுப்பதிகை அந்த வகைக்குப் பெயர்.

பொதுப்பதிகைக்குள் உட்பிரிவு வேண்டுமானால், குர்ட்னர் வகுத்த பெயரிடும் முறையே வழிகாட்டுகிறது. பழைய கோப்புப்பெயர் எட்டு எழுத்து: நிலையத்துக்கு நான்கு, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதற்கு மூன்று, அமர்வுக்கு, அதாவது அந்த நாளில் கருவி எழுதிய வேளைக்கு, ஒன்று. புள்ளிக்குப் பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் ஓர் எழுத்தும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து நிலையத்தின் 2005 பிப்ரவரி 1ஆம் தேதிக் கோப்பென்றால் 'ஐஐஎஸ்சி', பிறகு 032, பிறகு முழு நாளைக் குறிக்கும் 0, புள்ளி, 05, கடைசியில் 'ஓ'. அந்த 'ஓ' கருவி நோக்கியதைக் குறிக்கிறது. 'என்' என்றிருந்தால் கோள்களின் பாதை விவரம், 'எம்' என்றிருந்தால் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம். எனவே நோக்குப்பதிகை, கோள்வழிப்பதிகை, வானிலைப்பதிகை. 2013இல் வந்த ரைனெக்ஸ் 3.02 பதிப்பிலிருந்து பெயர் நீண்டு, நாட்டின் குறியீடு, தொடங்கிய நிமிடம், எழுதும் இடைவெளி எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆனாலும் இந்தப் பிரிவுகள் மாறவில்லை. இலங்கை நண்பர்கள் நோக்குக்குப் பதில் அவதானம் என்பார்கள். அவர்கள் 'அவதானப்பதிகை' என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியாமல் போகாது.

இன்னொரு சொல்லையும் இப்போதே பேசிவிடலாம். அந்த ஒவ்வொரு நேர வரிக்கும் ஆங்கிலத்தில் 'எப்பாக்' என்று பெயர். அகராதியைப் புரட்டினால் ஊழி, சகாப்தம் என்றெல்லாம் வருகிறது. 30 விநாடிக்கு ஒரு சகாப்தம் முடிகிறது என்று கையேட்டில் எழுதினால் அளவையர் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். 'நோக்குக்கணம்' போதும். அதேபோல், தலைப்பகுதியில் ஆண்டெனா உயரம் என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலும் மனிதர் டேப் பிடித்து அளந்து தட்டச்சுவது. செங்குத்தாக அளந்ததா, சாய்வாக அளந்ததா என்பதில்தான் பல சென்டிமீட்டர்கள் தொலைகின்றன. 'செங்குயரம்', 'சாய்வுயரம்' என்று இரண்டு சொல்லையும் நம் சொற்பட்டியலில் தனித்தனியாகவே போடுங்கள். ஆண்டெனா ஆண்டெனாவாகவே இருக்கட்டும்.

களத்தில் இன்று கேட்கும் பேச்சு 'பேஸ்ல லாக் ஓடுதா?' என்பது. இடம் தெரிந்த புள்ளியில் நிற்கும் கருவிதான் பேஸ். 'பேஸ்ல பதிகை ஓடுதா?' என்று சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. பதிகையை நிறுத்து, பதிகையை இறக்கு, பதிகை பாதியில் அறுந்துவிட்டது, எல்லாம் வருகிறது. 'பதிவுக்கோப்பு' இந்தச் சோதனையில் தேறவில்லை. வேறு சொல் வைத்திருப்பவர்கள், மைதானத்தின் இந்தப் பக்கம் நிற்பவர் அந்தப் பக்கம் நிற்பவரிடம் கத்திக் கேட்பதுபோல் ஒரு வாக்கியத்தில் போட்டு அனுப்புங்கள்.